கொஞ்சம் சுமாராத் தெச்சுக் குடுங்கக்கா

சாம்பிள் டெய்லர் என்பவர் ஒரே ஒரு பனியனைத் தைத்துவிட்டு, தான் கையால் தொடாத ஆயிரம் பனியனுக்கும் பேச்சு வாங்குகிறவர். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரரை நாங்கள் பையர் என்போம். அவர் பார்வைக்கு முதலில் போகிற பீஸை நான் தைக்கிறேன். அவர் சரி என்றால், வரிசையாக மிஷின் போட்டிருக்கும் லைனில் அதே மாதிரி ஆயிரக்கணக்கில் தைப்பார்கள். நல்லூரில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக இதுதான் என் வேலை. எந்த வேலையையும் சுமாராகச் செய்துவிட்டுப் போக முடியாமல் அவஸ்தைப்படுகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

லைனுக்கு நல்ல தையல்

அதற்கு முன்னால் ஆறு வருஷம் லைனில் ஓவர்லாக் மிஷின் ஓட்டினேன். செக்கிங்கில் என் பீஸ் திரும்பி வந்ததே கிடையாது. அந்தத் தைரியத்தில், சாம்பிள் ரூமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் போய் நின்றேன். அளவு அட்டை வெட்டிக் கொடுக்கிற பேட்டர்ன் மாஸ்டர் காதர் பாய் ஒரு கழுத்தைத் தைத்துக் காட்டச் சொன்னார். தைத்தேன். அவர் அதை உள்பக்கம் திருப்பி டேபிளில் போட்டு, விரலால் தடவிக்கொண்டே போனார். பின்கழுத்தில் ஓர் இடத்தில் விரல் நின்றது. வலது பக்கம் நூலளவு இழுத்துக்கொண்டிருந்தது.

"செக்கிங்ல இதெல்லாம் பாஸ் பண்ணீருவாங்க பாய்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பீஸை மடித்து என் கையிலேயே கொடுத்தார். "லைனுக்கு இது ரொம்ப நல்ல தையலுங்கம்மா. அங்கயே இருந்துக்குங்க."

பஸ்ஸிலும் விடாத வியாதி

மூன்று மாதம், மதியச் சோற்றைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, மீதி நேரத்தில் வேஸ்ட் துணியில் கழுத்து தைத்துப் பழகினேன். இரண்டாம் தடவை பாய் விரலால் தடவிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு மிஷினைக் காட்டினார். வேலை கிடைத்தது. கூடவே ஒரு வியாதியும் வந்தது. எதிரில் யார் வந்தாலும் முகத்தைப் பார்க்க முடிவதில்லை, தையலைத்தான் பார்க்கிறேன்.

குன்னத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள் நான். ஒருநாள் என் முன் சீட்டில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டையில் இடது தோள்தையல் அரை அங்குலம் பின்னால் போயிருந்தது. பெருமாநல்லூர் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் திரும்பி, "ஏனுங்க, என்ற சட்டைல ஏதாவது ஊருதுங்களா?" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "தோள்தையல் ஒரு பக்கம் எறங்கியிருக்குதுங்க. வாங்கறப்ப பாத்து வாங்கியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் தோளைத் தொட்டுக் காட்டினார். "சட்டை சரியாத்தானுங்க இருக்குது. எனக்குத் தோளே அப்படித்தான்."

நல்லாத் தெச்சது குத்தம்

போன வருஷம் காலர் வைத்த பனியன் ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. அதில் பட்டன் பட்டி முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு சதுரத் தையல் வரும். நாலு மூலையும் சுருங்காமல் உட்கார வேண்டும். ஏழு பீஸைக் கழித்துவிட்டு எட்டாவதை அனுப்பினேன். வழக்கம்போல அதற்கு ஜோடியாக இன்னொன்று தைத்து எங்களிடம் வைத்துக்கொண்டோம். பையருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. லைனில் தைத்து முடித்த முதல் லாட்டை என் பீஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பையர் ஆள், மூலையெல்லாம் சுருங்கியிருக்கிறது என்று மொத்தத்தையும் திருப்பிவிட்டார்.

புரொடக்ஷன் மேனேஜர் செந்தில் என் ஜோடிப் பீஸையும் லைன் பீஸ் ஒன்றையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர், சத்தம் போடத் தெரியாதவர். "அக்கா, நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லலீங்க. ஆனா அடுத்த தடவ கொஞ்சம் சுமாராத் தெச்சுக் குடுங்க. லைன்ல இருக்கறவங்களால முடியற அளவுக்கு."

வெறும் ஓகே

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுத்த ஆர்டரும் அதே மாதிரிப் பனியன்தான். அதன் சாம்பிளைச் சுமாராகவே தைத்தேன். நினைப்பதுபோல் அது சுலபமில்லை. கை தானாகப் போய் மூலையில் நிற்கும். நிற்கவிடாமல் ஓட்ட வேண்டும். முதல் பீஸையே மடித்து அனுப்பிவிட்டு, வழக்கத்தைவிட முந்தியே ஊட்டுக்குப் போய்விட்டேன்.

பையர் எழுதுவதைப் படித்துச் சொல்கிறவள் ஆபீஸில் இருக்கிற நஸ்ரின். என் பீஸைப் பற்றி எப்போதும் நல்லதாக ஒரு வரியாவது வரும். அவள் அதைப் படித்துக்காட்டும்போது நான் காதில் விழாத மாதிரி நூல் கோத்துக்கொண்டிருப்பேன். இந்த முறை இரண்டு நாள் கழித்து அவளே வந்து எட்டிப் பார்த்தாள். "பாஸாயிருச்சுக்கா. ஒண்ணும் எழுதல. வெறும் ஓகேதான்."

நாலு செகண்டு

அந்த வெறும் ஓகே ஒரு வாரம் என்னை உறுத்தியது. தாங்க முடியாமல், கிளம்பி லைனுக்கே போனேன். பட்டன் பட்டி தைக்கிற ரஞ்சித் பீகார்ப் பையன், அக்கா என்பதற்கு என்னை தீதி என்பான். அவன் பக்கத்தில் நின்று பார்த்ததில் கையில் குறை இல்லை என்று தெரிந்தது. ஊசியை எங்கே நிறுத்துவது என்பதற்கு அவனுக்கு அடையாளம் இல்லை, அவ்வளவுதான். பழைய பிளாஸ்டிக் அட்டையில் சதுரமாக வெட்டி, துணிமேல் வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டுத் தைக்கச் சொன்னேன். முதல் நாள் திணறினான். நாலாம் நாள் அவன் வேகத்தில் கோடு போடுவதே கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு பீஸுக்கு நாலு செகண்டு கூடுதலாக ஆனது. அந்த வேலை செய்கிற ஆறு பேரில் இன்னொருத்தி மட்டும் அட்டையை வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள், "இது போதுங்க்கா" என்றுவிட்டார்கள்.

செந்தில் வந்தார். ரஞ்சித் தன் பீஸையும், எங்களிடம் இருந்த என் பழைய ஜோடிப் பீஸையும் கலைத்துப் போட்டு, "சார், சொல்லுங்க, தீதி தெச்சது எது?" என்று கேட்டான். செந்தில் குனிந்து பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், கடைசியில் ரஞ்சித்தின் பீஸைக் காட்டினார். லைனே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நாலு செகண்டு போனாப் போகுதுங்க்கா. அதுக்காக அடுத்த சாம்பிள இதுக்கு மேல நல்லாத் தெச்சுறாதீங்க."

இத்தனை பாடுபட்டு நான் தைத்த சாம்பிள்களில் ஒன்றைக்கூட இதுவரை எந்த மனிதரும் உடம்பில் போட்டதில்லை. அனுப்பியதெல்லாம் ஏதோ ஒரு தேசத்தில், பையர் ஆபீஸ் பீரோவுக்குள், கழுத்தில் அட்டை கட்டித் தொங்கிக்கொண்டிருக்கின்றன.