உப்புத் தண்ணீர் ஊற்றி வைத்த சாயாப் பானை

மட்டாஞ்சேரியில் நானும் என் கணவரும் நடத்தும் சாயாக்கடைக்கு வாங்கிய எவர்சில்வர் பானை ஒரு கோடையைக்கூடத் தாங்கவில்லை. உள்ளே, அடிப்பகுதியை ஒட்டவைத்த வெல்டிங் ஓரத்தில் செம்புள்ளிகள். புளி போட்டுத் தேய்த்தேன், போயின. இரண்டு நாளில் திரும்ப வந்தன.

"சாயாக் கறைதான்" என்றார் அவர்.

"கறையால குழி விழுமா? விரல வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். உடனே பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

தோப்பும்படியில் மீன்பிடிப் படகுகளுக்கு எவர்சில்வர் தொட்டி அடித்துக் கொடுக்கும் பட்டறைக்காரரிடம் போனோம். பானையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"தகடும் மட்டம், வேலையும் மோசம் சேச்சி. வெல்டிங் சூட்டுல கறுத்த இடத்த சுத்தம் பண்ணாமலே விட்டிருக்காங்க. வேனல் வந்தா நம்ம பைப்புத் தண்ணியில உப்பு ஏறுமில்லே, அது அங்கதான் பிடிச்சுத் தின்னும்."

"நீங்க செய்றத மட்டும் தின்னாதாக்கும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "உப்பு கலக்கி ஒரு வாரம் வச்சுப் பாருங்க. ஒரு புள்ளி வந்தா பானைய நானே எடுத்துட்டுப் போறேன்."

அவரிடமே அடிக்கச் சொன்ன புதுப் பானை வந்ததும் அப்படியே செய்தோம். கடை பெஞ்சில் வைத்ததுதான் தாமதம், துரு வரும், வராது என்று தெருவே இரண்டு கட்சியானது. சாயா கேட்பதற்கு முன் மூடியைத் திறந்து பார்த்தார்கள். மீன் விற்கும் அக்கா ஒரு கை கல்லுப்பு கொண்டுவந்து போட்டு, "இப்பத்தான் நியாயம்" என்றாள். என் கணவர் துரு வரும் கட்சி. நான் எந்தக் கட்சி என்று வெளியே சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையில் மூடியைத் திறந்து, புள்ளி இல்லை என்று பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

கடைசி நாள் பட்டறைக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தண்ணீரைக் கொட்டி, வெள்ளைத் துணியால் வெல்டிங் ஓரம் முழுக்க அழுத்தித் துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. தூக்கிக் காட்டியதும் எழுந்த கூச்சலில் எதிர்க்கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். துரு கட்சி ஆட்டோக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள்.

பானையை நன்றாகக் கழுவி, தோற்ற என் கணவரே முதல் சாயா போட்டு, எல்லாருக்கும் சும்மா கொடுத்தார். பட்டறைக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுப் பானையைப் பெருமையாகப் பார்த்தார்.

"பானை நல்லாருக்கு. சாயாதான் போரா, நல்லால்லே."

என் கணவர் உட்பட அத்தனை பேரும் சிரித்தோம்.