அப்பாவுக்கு ஒரு தனி வாசல்

இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே இன்னொரு வீடு இருக்கிறது. நம் பக்கத்தில் கையில் கொஞ்சம் வசதி வந்தால் மேலே மச்சு எடுப்போம். பூமியைத் தோண்டுவது கிணற்றுக்காக, இல்லையென்றால் வாயால் சொல்லக்கூடாத வேறொன்றுக்காக. கனடாவில் இந்த ஹாமில்டன் நகரத்தில் நாங்கள் வீடு பார்க்கப் போனபோது, விற்க வந்தவர் கூடத்தையும் சமையலறையையும் ஓட்டமாகக் காட்டிவிட்டு, படிகளில் கீழே இறக்கி, ஒரு சிமெண்டு இருட்டுக்கு நடுவில் நிறுத்தி, பெருமையாகக் கைகளை விரித்தார். பேஸ்மெண்ட். அந்த இருட்டில் ஈரச்சுவரின் வாசனை அடித்தது. திருவரங்கத்தில் எங்கள் வீட்டின் பின்கட்டு வாசனை. பத்தாயிரம் மைல் தாண்டி வந்த பிறகு அந்த நாற்றம் என்னை முதலில் வரவேற்றதில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வீடு பிடிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

திருவரங்கத்தில் எங்கள் வீடு கொள்ளிடத்துப் பக்கம் போகும் ஒரு சந்தில் இருந்தது. ஆற்றில் தண்ணீர் ஏறினால் எங்கள் பின்கட்டுச் சுவரிலும் ஈரம் ஏறும். ஐப்பசியில் முழங்கால் உயரம், கார்த்திகையில் இடுப்பு உயரம். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தச் சுவருக்கு அவரே சுண்ணாம்பு அடிப்பார். மாசி வரைக்கும் பளிச்சென்று இருக்கும், பிறகு பொரிந்து உதிரும். அதில் ஆணி நிற்காது, காலண்டர் மாட்ட முடியாது. அந்த அறையில்தான் அப்பா படுப்பார். மழைக்காலம் முழுக்க இருமுவார். நல்ல அறை எனக்கும் அம்மாவுக்கும். நான் ஒரே பெண்.

என்னைக் கட்டிக்கொடுத்தது உறையூரில். திருவரங்கத்துக்கும் உறையூருக்கும் நடுவில் காவேரிப் பாலமும் சில பஸ் நிறுத்தங்களும்தான், ஆனால் அப்பாவுக்கு அது கடல். பெண்ணுக்கு ஒரு குழந்தை பிறக்கும் வரைக்கும் அவள் வாழப்போன வீட்டில் பெற்றவர்கள் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வருவார். மாமியார் இலை போடட்டுமா என்று கேட்பதற்கு முன்னாலேயே, இப்பத்தான் சாப்பிட்டேன் என்பார். ஒரு தடவை அவர் மறந்து வைத்துவிட்டுப் போன குடையைக் கொடுப்பதற்காகப் பின்னாலேயே அடுத்த பஸ்ஸில் ஓடினேன். சத்திரத்தில், பஸ் மாறும் இடத்தில், ஒரு காப்பி கிளப்பில் உட்கார்ந்து இட்லியை அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர் சாப்பிடும் வேகம் அது. நான் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டு, குடையைக் கொடுக்காமலேயே திரும்பி வந்தேன். அன்றைக்கு எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். இன்றைக்குப் பதினொன்று ஆகிறது. குழந்தை பிறக்கவில்லை.

என் கணவர் ரயில்வே பட்டறை வேலையை விட்டு இங்கே இரும்பு ஆலைக்கு வந்தார், நானும் வந்தேன். வந்த மூன்றாம் வருஷம் அம்மா போய்விட்டாள். தந்தி கைக்குக் கிடைத்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. அப்பா ஈரச்சுவரோடு தனியாக இருந்தார். இங்கே வாருங்கள் என்று எட்டுக் கடிதம் எழுதினேன். எட்டுக்கும் ஒரே பதில்: பெண் வீட்டில் வந்து எப்படியம்மா உட்காருவது? ஒன்பதாவது கடிதத்தில்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. இந்த வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் ஒரு சின்ன மேடை. அங்கிருந்து நாலு படி ஏறினால் என் சமையலறை, பத்துப் படி இறங்கினால் பேஸ்மெண்ட். தனி வாசல், தனி அடுப்பு, தனிக் குடித்தனம், நீங்களே பொங்கிச் சாப்பிடலாம், என் வீடு வேறு உங்கள் வீடு வேறு என்று எழுதினேன். கிழக்குப் பார்த்த ஜன்னல் உண்டா என்று ஒரு வரி கேட்டு எழுதினார். உண்டு என்று எழுதினேன். பொய்யில்லை. அந்த ஜன்னல் கூரையை ஒட்டி ஒரு சாண் உயரம் இருக்கிறது, அதில் புல்லின் வேர்க்கால் தெரியும் என்பதை எழுதவில்லை. அறை நிலத்துக்குக் கீழே இருக்கிறது என்பதையும் எழுதவில்லை.

அந்தக் கோடை முழுக்க நானும் என் கணவரும் கொத்தனாரும் தச்சருமாக மாறினோம். இங்கே ஆள் வைத்துச் செய்ய நமக்குக் கட்டாது. முதல் வேலை ஈரம். வடக்குச் சுவரில் ஒரு விரிசல், மழை பெய்தால் அதிலிருந்து தரையில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் ஓடும். நாங்கள் செய்தது அப்பா செய்ததையேதான். விரிசலில் சிமெண்டைத் திணித்து மேலே வெள்ளையடித்தோம். அடுத்த மழைக்கு உதிர்ந்தது. மறுபடி அடைத்தோம், மறுபடி உதிர்ந்தது. மூன்றாம் தடவை சாந்துச் சட்டியோடு நான் அடித்த கூத்தைப் பக்கத்து வீட்டு மாரியோ பார்த்துவிட்டார். இத்தாலியிலிருந்து வந்த கொத்தனார், அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. என்னை வெளியே கூட்டிப்போய்க் கூரையிலிருந்து இறங்கும் மழைக் குழாயைக் காட்டினார். அது சுவரின் காலடியிலேயே முடிந்திருந்தது. கூரைத் தண்ணீர் முழுவதும் அங்கே கொட்டி, மண் வீட்டுப் பக்கமே சரிந்திருந்ததால், நேராக விரிசலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குழாயோடு ஆறடித் துண்டு ஒன்றை இணைத்து, மண்ணை வெளிப்பக்கம் சரியும்படி மேடாக்கினோம். விரிசலுக்கு வெளிப்புறம் பள்ளம் தோண்டித் தார் பூசினோம். சுவர் காய்ந்துவிட்டது. முப்பது வருஷம் அப்பா உள்பக்கமாகவே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாரே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கொள்ளிடத்துக்கு யார் குழாய் வைத்துத் திருப்புவது?

பிறகு மரச்சட்டம் நிறுத்தி, நடுவில் குளிர் புகாமலிருக்கக் கண்ணாடிப் பஞ்சு திணித்து, மேலே பலகை அடித்தோம். அந்தப் பஞ்சு கையில் பட்டால் காஞ்சொறிச் செடி பட்ட மாதிரி அரிக்கும். பழைய சேலையைக் கிழித்து முகத்திலும் கையிலும் சுற்றிக்கொண்டு வேலை செய்தேன். மின்சார ஃப்யூஸ் பெட்டி கண்ணை உறுத்தியதால், அதற்கு முன்னால் பலகையிலேயே ஒரு குட்டிக் கதவு வைத்து மறைத்தோம். அவ்வளவு நேர்த்தி, கதவு இருப்பதே தெரியாது. சமையலறைக் கதவு கீழிருந்து வரும் குளிர்காற்றில் ஆடிக்கொண்டே இருந்ததால் அதற்கு ஒரு தாழ்ப்பாள் போட்டோம். தாழ்ப்பாள் என் பக்கம்.

யாருக்காக இவ்வளவு பாடு என்று மாரியோ ஒரு நாள் கேட்டார். அப்பாவுக்கு, அவர் என் வீட்டில் சாப்பிட மாட்டார், அதனால் தனி அடுப்பு என்று சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. மறுநாள் அவர் மனைவி ஒரு பெரிய ரொட்டியோடு வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பெற்ற அப்பா கோபத்தை ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார், நீ முதலில் மன்னிப்புக் கேட்டுவிடு என்றாள். கோபமே இல்லை, பிரியத்தால்தான் சாப்பிட மாட்டார் என்று விளக்கினேன். அவள் இன்னும் இரக்கத்தோடு என்னைப் பார்த்தாள். விளக்க விளக்க என் அப்பா கல் நெஞ்சுக்காரராக ஆகிக்கொண்டே போனார். ரொட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அப்பா இலையுதிர் காலத்தில் வந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, அதற்குள் அம்மாவின் எவர்சில்வர் தட்டு. விளிம்பில் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். பக்கவாட்டுக் கதவைத் திறந்து படிகளைக் காட்டினேன். கீழே எட்டிப் பார்த்தார்.

"கிணத்துல இறங்கற மாதிரி இருக்கேம்மா."

அவ்வளவுதான் சொன்னார். இறங்கிப் போய் வடக்குச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. "நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னும் பத்துச் சுவர் கட்டியிருப்பேன்.

குடித்தனம் நடந்தது. காலையில் நான் இறங்கிப் போவேன், அவர் காப்பி போட்டுக் கொடுப்பார். அவர் வீட்டில் நான் சாப்பிடலாம், அதற்குத் தடையில்லை. மத்தியானம் அவர் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, முன்வாசல் மணியை அடித்து என்னைப் பார்க்க வருவார். கூடத்தில் உட்கார்ந்து பேசுவார். தண்ணீர்கூடக் கேட்க மாட்டார். சாயங்காலம் நான் விளக்கேற்றுவேன். விளக்கு வைக்கும் நேரத்தில் வாசல் கதவைத் திறந்து கொல்லைக் கதவைச் சாத்த வேண்டும், இல்லாவிட்டால் வந்த லட்சுமி பின்பக்கமாகப் போய்விடுவாள் என்பது அம்மா எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து வைத்துவிட்டுப் போன சட்டம். இந்தக் குளிரில் முன்கதவை ஒரு நிமிஷம் திறந்து மூடுவேன். இந்த வீட்டுக்குக் கொல்லை ஏது? கீழே போகும் கதவைத்தான் கொல்லைக் கதவாக வைத்துக்கொண்டேன். விளக்கேற்றியதும் கை தானாகப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிடும். அதற்கு அந்தப் பக்கம் அப்பா இருக்கிறார் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. அவர் அந்தக் கதவு வழியாக வரப்போகிறவர் இல்லையே.

தை மாதம் ஒரு நாள் காலையிலிருந்து பனி கொட்டியது. கணவர் ஆலையிலேயே மாட்டிக்கொண்டார். மத்தியானம் அப்பா என்னைப் பார்க்க வரவில்லை. பனியில் இறங்க வேண்டாம் என்று இருக்கிறார் போல என்று நினைத்தேன். பக்கவாட்டுக் கதவை இடுப்பளவுப் பனி அடைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. விளக்கேற்றினேன், தாழ்ப்பாள் போட்டேன், ரேடியோவில் எந்தெந்தச் சாலை மூடியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். நடுவில் படி ஒரு தரம் கிறீச்சிட்டது. மரவீடு குளிருக்கு முனகும், அது எனக்குப் பழகிவிட்டிருந்தது.

விடிந்ததும் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் தள்ளினேன். கதவு எதன் மேலோ இடித்தது. அது சறுக்கி, ஒவ்வொரு படியாகக் கணகணவென்று உருண்டு, கீழே இருட்டுக்குள் போய்ச் சுழன்று அடங்கியது. சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவின் தட்டு.

கீழே விளக்கு எரியவில்லை. அப்பா மேல்கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் காலையில் நான் மேலே வந்த பிறகு, குளிருக்காக மின்சாரக் கணப்பையும் அடுப்பையும் ஒன்றாகப் போட்டிருக்கிறார், ஃப்யூஸ் போய்விட்டது. பெட்டி எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. நாங்கள் அவ்வளவு அழகாக மறைத்திருந்தோம். வாசலில் பனி. பகல் முழுக்கப் பசி தாங்கிவிட்டு, சாயங்காலம் தட்டை எடுத்துக்கொண்டு படியேறி வந்திருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெண் வீட்டில் சாப்பிட.

ஏன் தட்டவில்லை என்று கேட்டேன்.

"விளக்கு வச்ச நேரம்மா. கொல்லைக் கதவத் தட்டிக் கூப்பிடலாமா?"

மேலே வாருங்கள், சூடாகச் சாதம் வைக்கிறேன் என்று அழுதேன், கையைப் பிடித்து இழுத்தேன். அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

"நேத்து வந்திருப்பேம்மா. பசி இழுத்துட்டு வந்துச்சு. இப்ப விடிஞ்சிருச்சு."

ஃப்யூஸ் மாற்ற இரண்டு நிமிஷம் ஆனது. அவர் அடுப்பில் அவர் அரிசியில் கஞ்சி வைத்தார். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினார், குடித்தேன். தட்டின் விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருந்தது, துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். பனி உருகியதும் ஊருக்குப் போகிறேன் என்றார். மழைக்கு முன்னால் பின்கட்டுக்கு ஓடு மாற்ற வேண்டுமாம். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு வாய் எங்கே இருந்தது? வழியனுப்ப விமான நிலையத்துக்கு வந்த மாரியோவின் மனைவி, சமாதானம் ஆகிவிட்டதா என்று என் காதில் கேட்டாள். ஆகிவிட்டது என்றேன்.

இப்போது அவர் திருவரங்கத்தில் இருக்கிறார். ஈரம் இந்த வருஷம் இடுப்புக்கு மேலே ஏறியிருப்பதாகவும், தனக்கு இருமல் அதிகமில்லை என்றும் எழுதுகிறார். ஈரத்தைப் பற்றி எழுதியது உண்மையாக இருக்கும். பேஸ்மெண்ட் சுவர் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடக்கிறது, அங்கே யாரும் இல்லை. வாடகைக்கு விடலாமே என்று கேட்கிறார்கள், நான் விடவில்லை. தாழ்ப்பாளை அவர் போன மறுநாளே கழற்றிவிட்டேன். திருகாணி இருந்த நாலு துளைகளையும் மக்குப் பசை வைத்து அடைத்து வர்ணம் பூசினேன். இப்படிப்பட்ட வேலை இப்போது எனக்கு நன்றாக வருகிறது, பார்த்தால் தெரியாது. ஆனால் தினமும் விளக்கேற்றியதும் கை அந்த இடத்துக்குப் போய்விடுகிறது. விரலுக்கு மட்டும் அந்த நாலு துளையும் தட்டுப்படுகின்றன. கதவைச் சாத்தாமல் விட்டால் அம்மா சொன்னது தவறிப்போகிறது, சாத்தினால் படியில் யாரோ தட்டோடு நிற்கிறார்கள். ஒரு சாண் திறந்து வைத்துவிட்டு, கீழிருந்து வரும் குளிரில் நின்று, விளக்கு அணையாமல் கையால் மறைத்துக்கொள்கிறேன்.