டைனமோவுக்குத் தைத்த உறை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். பேப்பரை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மடித்து வைத்துவிடுவேன். எட்டாவது வரைதான் படித்தவன் நான். ஆனால் தயக்கம் அதனால் இல்லை. ஒருவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அது எதுவரைக்கும் என்று அவன் சொன்னானோ, அந்தக் காலம் போன மாசம் முடிந்துவிட்டது. வண்டி ரிப்பேர் ஷெட்டில் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

1. தகரம்

நெய்வேலியில் ஒரு கான்ட்ராக்டரிடம் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்தேன். ஷிப்டு ஆட்களை மைன்ஸுக்கு ஏற்றிப் போகும் வேன்கள் அவருடையவை. அதில் ஒன்றை ஓட்டியவன் கலியமூர்த்தி. சேத்தியாத்தோப்புப் பக்கம், அதிகம் பேசாதவன். என்றைக்காவது பர்மனென்ட் ஆகிவிடலாம் என்று கான்ட்ராக்ட் வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் அவன் வேனில் டைனமோ கருகிவிட்டது. ஆல்டர்னேட்டரைத்தான் நாங்கள் டைனமோ என்போம். வண்டி ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் கொடுப்பது. கழற்றிப் பார்த்தால் உள்ளே கம்பிச்சுருள் கரியாகியிருந்தது. காரணம் உடனே தெரிந்தது. அது இருப்பது சைலன்சர் பைப்பை ஒட்டி. நடுவில் ஒரு தகரம் இருக்க வேண்டும், ஹீட் ஷீல்டு. சைலன்சர் வேலை பார்த்தவர்கள் அதைக் கழற்றிப்போட்டு, திரும்ப மாட்டவே இல்லை. நான் ஒரு ஆயில் டின்னை வெட்டி, இரண்டு பக்கமும் விரல் நுழைகிற இடைவெளி விட்டு, புதுத் தகரம் வைத்தேன். சூடும் நிலக்கரித் தூசும்தான் டைனமோவுக்கு எமன், பார்த்துக்கொள் என்று அவனிடம் சொல்லி அனுப்பினேன்.

தகரம் இருந்தும் அடுத்த டைனமோ கருகியது. அதற்கடுத்ததும் கருகியது. ஷெட்டில் வைத்து எவ்வளவு நேரம் ஓட்டினாலும் ஒன்றும் ஆகாது. அவன் கைக்குப் போனால் கருகும். எனக்குப் பிடிபடவில்லை. தினம் வேலை தொடங்கும்முன் முருகனை நினைத்துத்தான் ஸ்பேனரைத் தொடுவேன். அந்த நாட்களில் இரண்டு தடவை நினைத்தேன்.

முதலாளிக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

“நல்லதக் கழட்டி வடலூர்ல வித்துட்டு, கருகினத மாட்டிகினு வர்றான். இதுகூடத் தெரியாமயா இருக்க நீ?” என்றார்.

2. முந்திரி மரத்தடி

ஒரு மத்தியானம் குள்ளஞ்சாவடி ரோட்டில் அவன் வேன் நிற்கிறது என்று அந்த வழியாக வந்த டிரைவர் சொன்னார். யாரும் கூப்பிடாமலே பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். முந்திரி மரத்தடியில் வண்டி நின்றது. பானெட்டைத் திறந்து, உள்ளே கைவிட்டு எதையோ அவிழ்த்துக்கொண்டிருந்தான். வார்னிஷ் கருகிய வாடை. என்னைப் பார்த்ததும் அவிழ்த்ததை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். வாங்கிப் பார்த்தேன்.

அது ஒரு சிவப்புத் துணி உறை. தலையணை உறை மாதிரி, வாயில் நாடா வைத்து, உள்ளே பழைய டவல் கொடுத்து இரட்டையாகத் தைத்தது. ஓரம் கருகிப் புகைந்துகொண்டிருந்தது.

“எப்பலேர்ந்துப்பா கட்டற இத?”

“நீங்க தகரம் வெச்சிக் குடுத்தீங்களே, அதுலேர்ந்துதாண்ணே. சூடும் தூசும் ஆவாதுன்னு நீங்க சொன்னத வூட்ல சொன்னேன். அஞ்சல தெச்சிக் குடுத்தா. திருவதிகைல, அவ அம்மா வூட்டுப் பக்கம், ஆடி மாசம் அம்மனுக்குச் சாத்தின பொடவ.”

“ஷெட்டுக்கு வரும்போது நான் பாத்ததே இல்லியே.”

“அவுத்து டேஷ்போர்டுல வெச்சிகினு வருவேன். அங்க கிரீஸ் கை படும். யாருன்னா வேஸ்ட் துணின்னு தொடச்சிப் போட்டுடுவாங்க. சாமி துணிண்ணே.”

சொல்லாமல் இருக்க முடியவில்லை. டைனமோவின் முதுகில் இருக்கிற ஓட்டைகள் வழியாகத்தான் அது காற்றை இழுத்துத் தன்னைத் தானே குளிரவைத்துக்கொள்கிறது, உறை அந்த ஓட்டைகளை அடைத்துவிட்டது, கருக்கியது இந்தத் துணிதான் என்றேன். அவன் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். வா, முதலாளியிடம் இதைக் காட்டினால் உன்மேல் இருக்கிற பழி போய்விடும் என்றேன்.

“வேணாண்ணே. டிரைவருங்க சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுங்க. அது அவ காதுக்குப் போவும். ரெண்டு புள்ள தங்காமப் போச்சி. என் கை தொட்டா எதுவும் வெளங்காதுன்னு ஏற்கெனவே சொல்லிகினு இருக்கறவ. இதுவும் தெரிஞ்சா தாங்க மாட்டா.”

அந்தத் துணிமேலேயே என் கையை வைக்கச் சொன்னான். அவன் மனைவி அஞ்சலை உயிரோடு இருக்கும்வரை யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

3. சாவி

அவனோடு முதலாளியிடம் போய், இவன் திருடவில்லை, சூட்டில்தான் போயிருக்கிறது என்று சொன்னேன்.

“தகரம் அடிச்சதே நீதான். அப்புறம் எங்கேர்ந்து வந்துது சூடு?” என்று கேட்டார்.

பதில் என் வாய்வரை வந்தது. கலியமூர்த்தி என்னைப் பார்த்தபடி நின்றான். நான் வாயை மூடிக்கொண்டேன். அவன் போய் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். அதன்பிறகு வேறு எந்த கான்ட்ராக்டரும் அவனைச் சேர்க்கவில்லை. முந்திரித் தோப்புக் காவலுக்குப் போனான். சில வருஷத்தில் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான்.

காரியத்தன்று அஞ்சலை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அண்ணே, நீங்க சாமி கும்புடறவரு, பொய் சொல்ல மாட்டீங்க. அவரு எடுத்தாரா?”

“இல்லம்மா. முருகன் சத்தியமா இல்ல.”

“பின்ன ஏன் வாயத் தொறக்காம வந்தாரு?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்ல அனுமதி இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நான் நின்ற நிலையே அவளுக்கு வேறு பதிலாகப் போய்விட்டது என்று பின்னால் தெரிந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் ஒருபொழுது இருந்து, அதே அம்மனுக்கு விளக்குப் போட்டு வந்தாள். என் மனைவி ஒரு தடவை அவளோடு போயிருந்தாள். “அவரு எடுத்தத மன்னிச்சிடு தாயே” என்று அஞ்சலை வேண்டிக்கொண்டாளாம். செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு. கடைசிவரை அப்படித்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். போன மாசம் அவளும் போய்விட்டாள்.

டைனமோவைச் சூட்டிலிருந்து காப்பாற்ற நினைக்கிற பிள்ளைகள் ஒன்றை மனதில் வையுங்கள். சூடு வருகிற பக்கம் தகரம் வைத்து மறையுங்கள், இடைவெளி விடுங்கள். டைனமோவைப் போர்த்தி மூடாதீர்கள். எவ்வளவு ஆசையாகப் போர்த்தினாலும் உள்ளே இருப்பது வெந்துபோகும். இதை எழுதும்போது நான் வண்டியை மட்டும் நினைக்கவில்லை. அம்மன்மேல் எனக்குக் குறை இல்லை. அவளுக்கு எல்லாம் தெரியும். நமக்குத்தான் தெரியாமல் போனது.

இன்றைக்கும் வேன் ஸ்டாண்டில் எவனாவது ஸ்பேர் பார்ட்டை மாற்றி விற்றால், கலியமூர்த்தி வேலையைப் பார்த்துட்டான் என்கிறார்கள். அவனைப் பார்த்திராத பையன்களும் சொல்கிறார்கள். அதற்காகத்தான் கேட்கிறேன். இதை வாயால் சொன்னாலும் சரி, வாட்ஸ்அப்பில் போட்டாலும் சரி, கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவன் திருடவில்லை என்பதோடு நிறுத்தினால் யாரும் நம்பமாட்டார்கள். அவள் தைத்த உறைதான் கருக்கியது என்பதோடு நிறுத்தினால், அவன் எதற்குப் பயந்தானோ அந்தச் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்பு அவள்மேல் விழக்கூடாது என்றுதான் திருடன் என்ற பேரை அவன் வாங்கிக்கொண்டான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.