ரஸ்க் கோழி செய்த ஞாயிற்றுக்கிழமைகள்

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் எங்கள் செம்பாக்கம் வீட்டில் அம்மா கையால் சாப்பிட்டவர்கள். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இருக்காது என்று நினைப்பீர்கள். ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் மகளாகிய நான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அம்மா மேடவாக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில், நான்கு பெண்களில் மூன்றாவதாகப் பிறந்தார். எட்டாவது வரை படித்தார். பத்தொன்பது வயதில் அப்பாவை மணந்து செம்பாக்கம் வந்தார். அப்பாவின் சம்பளம் போதாமல், சானடோரியம் பக்கம் ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். காலை ஏழரைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகே வருவார். எங்களுக்கு அம்மா முழுதாகக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்.

அப்படி ஒரு ஞாயிறு. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு மூன்று. அம்மா சமையலறைத் தரையில் பம்பு ஸ்டவ்வை வைத்துக் கோழி பொரித்துக்கொண்டிருந்தார். தம்பி பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து டப்பாக்களை உருட்டிக்கொண்டிருந்தான். பொரித்த துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று வாசலிலிருந்து பாய்ந்து வந்தேன். என் கால் ஸ்டவ்வில் இடித்தது. வாணலி சாய்ந்து, எண்ணெய் தம்பியின் இடது கையில் கொட்டியது.

ஆஸ்பத்திரிக்கு அப்பாவும், அஸ்தினாபுரத்திலிருந்து அப்பாவின் அக்காவான அத்தையும் ஓடி வந்தார்கள். எப்படி நடந்தது என்று கேட்டார்கள். என் கைதான் தவறிவிட்டது என்றார் அம்மா. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அன்று மாலை குழாயடியில் என் முகத்தைக் கழுவிவிட்டபடி அம்மா சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"நீ யார்கிட்டயும் எதுவும் சொல்லாத. அவன் எப்பவும் போல அக்கா அக்கான்னு உன் பின்னாடியே வரணும். அது போதும் எனக்கு."

தம்பியின் கை ஆறிவிட்டது, தழும்பு தங்கிவிட்டது. பயமும் தங்கிவிட்டது. கடுகு வெடித்தால் கூட அலறுவான். சமையலறை வாசலைத் தாண்ட மாட்டான். அவன் எழுந்திருப்பதற்கு முன்பே அம்மா தாளிப்பை முடித்துவிடுவார். எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறுவது நின்றுபோனது. அத்தைக்குத் தம்பி மேல் உயிர். அந்த மனத்தாங்கலில், கல்யாண வீடுகளில் அம்மா அடுப்பருகே போனால், "நீ இன்னாத்துக்கு அங்க போற? பெத்த புள்ள கையிலயே எண்ணெய ஊத்தினவ" என்பார். அம்மா பதில் பேசாமல் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவார். நானும் பேசவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, ஊரை விட்டுப் போன கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர், கண்ணாடி வைத்த மூடியுள்ள அலுமினிய ரவுண்ட் கரண்ட் ஓவன் ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலத்தில் வோல்டேஜ் இருக்காது என்பதால் ஞாயிறு காலையிலேயே வேலை தொடங்கும். அம்மா அதைச் சமையலறையில் வைக்காமல் கூடத்தில் வைத்தார். கோழியின் நெஞ்சுக்கறியை விரல் நீளத்துக்கு நறுக்கி, தயிர், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள் போட்டு ஊற வைப்பார். அதை முட்டையில் தோய்ப்பது என் வேலை. ரஸ்க்கைத் துணிப்பைக்குள் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் நொறுக்குவது தம்பி வேலை. அவன் தெருவாசலுக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்துதான் நொறுக்குவான். அம்மா ஒருநாளும் அவனைக் கிட்டே கூப்பிட்டதில்லை. ரஸ்க் தூளில் புரட்டிய துண்டுகளைத் தட்டில் அடுக்கி, மேலே ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெயைத் தடவி ஓவனுக்குள் வைப்பார்.

முதல் தடவை எல்லாம் தட்டோடு ஒட்டிக்கொண்டு, சுரண்டித்தான் தின்றோம். ரஸ்க் கோழி என்று பெயர் வைத்தவன் தம்பி. வாரா வாரம் அவன் பலகை கொஞ்சம் உள்ளே நகர்ந்தது. ஒரு ஞாயிறு எழுந்து வந்து, அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

"அம்மா, இது சத்தமே போடல."

"போடாது கண்ணு. இது பாட்டுக்கு வேகும். தொடாம பாரு."

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் துடைத்துக்கொண்டார். பாதி வெந்ததும் துண்டுகளைத் திருப்பிப்போட இடுக்கியை என்னிடம் கொடுத்தார். வாங்கிய இடுக்கியோடு நான் பின்னால் நகர்ந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே திருப்பினார். அடுத்த வருடம் தம்பி தானாகவே சமையலறைக்குள் போய்த் தண்ணீர் மொண்டு குடித்தான்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. கடைசி மாதங்களில் கஞ்சி கூட இறங்கவில்லை. ஒரு ஞாயிறு ரஸ்க் கோழி செய்யச் சொன்னார். உங்களால் சாப்பிட முடியாதே என்றேன். நீங்க செய்யறதைக் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன் என்றார். கூடத்தில் கட்டில் போட்டிருந்தோம். தம்பி ரஸ்க்கை நொறுக்கும் சத்தத்தில் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று அவன் நிறுத்தியதும், ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் போய்விட்டார். இப்போது ஞாயிறு காலை வந்தால் எனக்கு என்ன செய்வதென்றே தெரிவதில்லை. கம்பெனி லீவு, அம்மா வீட்டில் இருப்பார் என்று விழிக்கும்போது ஒரு நொடி தோன்றிவிடுகிறது.

சென்ற மாதம் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தழும்பைத் தடவிக்கொண்டான். பிறகு ஒன்றுதான் கேட்டான்.

"அத்தை பேசும்போதெல்லாம் அம்மா எப்படிக்கா சும்மா இருந்தாங்க?"

 பிறகு அவனே, இதை மலரில் எழுதிடு என்றான்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அப்பாவைத் தனியே விடாத பக்கத்து வீட்டாருக்கும், கடைசி வாரத்தில் முறை வைத்து வந்த கம்பெனித் தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லோரையும் விட, நாற்பது நாள் எங்களோடு தங்கி, அம்மாவின் தலையை மடியில் வைத்துக் கஞ்சி புகட்டிய அத்தைக்கு நன்றி. அத்தை, அன்று அம்மாவின் கை தவறவில்லை. உங்களிடம் இதை முகம் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். இனி அந்த நாளைப் பற்றிப் பேச நேர்ந்தால், என் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.