அந்த மலையில் எத்தனை புள்ளி?

எங்கள் காரைக்குடி வீட்டில் விருந்தாளியாகத் தங்கிய அந்தப் பெண் வால்பாறையில் விலங்குகளை ஆராய்பவர். கையெல்லாம் முள் கீறல். எங்கு நுழைந்தாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார்.

புலியும் சிறுத்தையும் சேர்ந்து வாழும் காட்டைப் பற்றி அவர் சொன்னதும், "ஒரே மலையிலங்கிறீக, அங்குட்டு எத்தனை புள்ளி?" என்று கேட்டாள் என் மனைவி.

"சிறுத்தைக்கா? அதை யாரு எண்ணுறது!" என்றார் அவர்.

எங்கள் சமூகத்தில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. இந்த வீட்டில் அண்ணன் ஒரு புள்ளி, நான் ஒரு புள்ளி, அடுப்பு வேறு வேறு என்று விளக்கினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப அங்கேயும் ரெண்டு புள்ளிதான். புலிக்குக் கடமான், சிறுத்தைக்குச் சின்ன மான். புலி நடக்கிற நேரத்துல சிறுத்தை ஒதுங்கிக்கும், நீங்களும் உங்க அண்ணனும் மாதிரி."

அண்ணனும் நானும் பேசிக்கொள்வதில்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த வழுவழுப்பான தரையில் எந்தத் தடத்தைக் கண்டாரோ!