பதினெட்டுச் சாமானும் என் மடக்குக்கத்தியும்

போன ஞாயிறு என் மனைவி உயிரோடு வீடு வந்து சேர்ந்தது ஒரு மலிவான மடக்குக்கத்தியால். மிகைப்படுத்தவில்லை, நம்புங்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பிறந்தநாள் சாப்பாடு. முடித்துக்கொண்டு நானும் மனைவியும், கனடாவிலிருந்து வந்திருக்கும் அவளுடைய தம்பியும் ஓட்டோவில் வெள்ளவத்தைக்குத் திரும்பினோம். மச்சான் வழியெல்லாம் தன் புதுக் கத்தியைக் காட்டிக்கொண்டே வந்தார். கத்தரிக்கோல், அரம், போத்தல் திறப்பான்... "இதில பதினெட்டுச் சாமான் இருக்கு அத்தான்" என்றார்.

என் பொக்கெட்டிலும் ஒரு கத்தி இருந்தது. காட்டவில்லை. யுத்தம் நடந்த சோதனைச் சாவடிக் காலத்தில் கொழும்பில் எந்தத் தமிழன் கத்தியோடு வெளியே போவான்? சாவடிகள் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது — மனைவியின் பயம் மட்டும் போகவில்லை. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்வாள். தலையாட்டிவிட்டுக் கொண்டுபோவது என் வழக்கம்.

பொரளைச் சந்தியில் சிக்னல் மாறி ஓட்டோ கிளம்பியதும் மனைவியின் தலை சட்டென்று வெளிப்பக்கம் சரிந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த ஷோலின் நுனி பின்சக்கரத்தில் சிக்கிவிட்டது. நான் போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக் போட்டார். ஆனால் துணி சக்கரத்தில் சுற்றி, கழுத்தை இறுக்கிவிட்டது. அவளுக்கு மூச்சு வரவில்லை.

மச்சான் தன் கத்தியை எடுத்தார். முதலில் அரம் வந்தது. பிறகு போத்தல் திறப்பான். பதினெட்டில் கத்தி எங்கே?

நான் என்னுடையதை எடுத்தேன். மரப்பிடி, ஒரே ஒரு அலகு. ஓர் இழுப்பில் ஷோல் அறுந்தது.

இருமி, தண்ணீர் குடித்து, பேச்சு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தனீங்கள்?"

புறக்கோட்டை நடைபாதையில், இரண்டு சோற்றுப் பார்சலின் விலைக்கு வாங்கியது. பத்து வருடத்துக்கு மேலாகிறது. மாம்பழம் வெட்டும், பார்சல் கயிறு அறுக்கும். மழுங்கினால் பீங்கான் கோப்பையின் அடியில் நாலு தரம் தீட்டுவேன். இதற்குமேல் ஒரு கத்தியிடம் வேறென்ன வேண்டும்? அவசரத்தில் யோசிக்க வைக்காத சாமான்தான் நல்ல சாமான் — விலைச்சீட்டைப் பிறகு பார்க்கலாம்.

நேற்று மனைவி புறக்கோட்டைக்குப் போய், தன் ஹான்ட்பேக்கில் வைக்க ஒன்று வாங்கிவந்தாள்.

இப்போது எங்கள் வீட்டில் ஆயுததாரிகள் இருவர்.