சிப்ஸ் தின்னாத சுபிதா

கொதிக்கிற எண்ணெயில் உப்புநீரைத் தெளித்துவிட்டு, சுபிதா காதைச் சாய்த்துக்கொள்கிறாள். சடசடப்பு அடங்கிக் கலகலவென்று ஆனதும், நேந்திரங்காய் சிப்ஸை ஒரே வீச்சில் அரித்தெடுத்துவிடுவாள். ஒரு துண்டைக்கூட வாயில் போடமாட்டாள். வடசேரியில் இப்படியொரு சிப்ஸ்காரி உண்டா? கடை முதலாளி குமாரதாஸுக்கு முதலில் கோபம்தான்.

"ருசி பாக்காம எப்பிடிட்டி எறக்குவ?"

"எனக்குச் சத்தம் போரும் அண்ணாச்சி. வேணும்னா நீங்க தின்னு பாருங்க."

தின்று பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

முன்பு வறுக்கிற ஈட்டுக்கு ரெண்டு துண்டென்று நாள் முழுக்கக் கொறித்தவள்தான். வயது முப்பத்திநாலு. பெரியவளான நாள் முதல் மாதவிலக்கு ஒழுங்காக வந்ததில்லை. மோவாயில் நாலைந்து முடி. பி.சி.ஓ.டி., சினைப்பையில் நீர்க்கட்டி என்றார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம் "விசேஷம் உண்டா?" என்று கேட்டே ஊர் அவளைக் கொன்றது. மாத்திரை, ஊசி, ஸ்கேன் என்று அலைந்து ஒரு மகள் பிறந்தாள். அன்றோடு பைலைக் கட்டி மச்சில் போட்டாயிற்று. நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்புதான். பிள்ளை பிறந்துவிட்டால் சீக்கும் தீனமும் போயாச்சாம்!

போன வருஷம் ஊரில் நடந்த மருத்துவ முகாமில் சும்மா சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். கெட்ட கொழுப்பு நூற்றுத்தொண்ணூறு; நூறைத் தாண்டக்கூடாதாம். காகிதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா பழைய கதையெல்லாம் கேட்டுவிட்டு, "கர்ப்பப்பையோட நின்னுரும்னு நெனச்சியா? இது உள்ளவங்களுக்குக் கொழுப்பும் சர்க்கரையும் சீக்கிரம் ஏறும்மா. நெஞ்சைப் பாத்துக்கணும்" என்றார்.

சுபிதாவின் அம்மா நாற்பத்தெட்டு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுக்களையில் சாய்ந்தவள், பிறகு எழும்பவேயில்லை. வாயு என்று ஓமத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார்கள், பாவிகள். அதை நினைத்து அன்று திரும்பி வரும் பஸ்ஸிலேயே அழுதாள் சுபிதா. மறுநாள் முதல் சிப்ஸுக்கு முழுக்கு, மாத்திரை, தோவாளை ரோட்டில் தினம் நாலு கிலோமீட்டர் நடை. ஆறு மாதத்தில் கொழுப்பு இறங்கியது.

பயம் மட்டும் இறங்கவில்லை. காரணம், அக்கா உலகம்மாள். நாற்பத்தொரு வயது, அதே கோளாறு, அதே மோவாய் முடி. "எனக்கு ரெண்டு பிள்ளையில்லா இருக்கு, எனக்கென்ன தீனம்?" என்பாள்.

"அம்மைக்கும் ரெண்டு பிள்ளைதான் எக்கா."

உலகம்மாள் அன்றைக்குச் சட்டென்று எழுந்து போனாள். பிறகு மூன்று தடவை சோதனைக்கு நாள் குறித்தும், வெறும் வயிற்றோடு வரச் சொன்னது மறந்துபோய் மூன்று தடவையும் இட்லி தின்றுவிட்டாள். மறதியாவது ஒன்றாவது! அவளுக்கு அந்தச் சோதனைக் காகிதத்தில் என்ன வருமோ என்று பயம்.

நேற்று விடிந்ததுமே சுபிதா ஸ்கூட்டரோடு அக்கா வீட்டில் ஆஜர். வாசல்படியில் உட்கார்ந்திருந்த உலகம்மாள் கையில் ஆவி பறக்கும் காப்பி.

"ஏட்டி, இந்த ஒரு காப்பியக் குடிச்சுக்கிடுகேன் மக்கா. பொறவு போவோம்."

சுபிதா டம்ளரை வாங்கி முற்றத்து வாழை மூட்டில் கவிழ்த்துவிட்டு, காலியான அந்தக் கையில் ஹெல்மெட்டைக் கொடுத்தாள்.